சத்தம் போடாத கார்

ஜனவரி 6

மத்தியானச் சாப்பாட்டு நேரம். காது பரிசோதனை அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி இடித்தாலும் உள்ளே கேட்காது. நோயாளிகளில் சிலருக்கு இங்கே மூச்சு முட்டும். எனக்கு உலகத்திலேயே நிம்மதியான இடம் இந்தப் பெட்டிதான். ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, லேசா கேட்டாலும் அழுத்துங்க" என்று சொல்வது என் வேலை. பெரியவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார். எலெக்ட்ரிக் காருக்கு மாறலாமா என்று யோசிக்கிறாராம். குழாய் கம்பெனியில் விற்பனை மேனேஜர். இவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன் ஒருவன் வாங்கிவிட்டான், அதுதான் உறுத்தல். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசுவோம். ஆளுக்கொரு கருத்து சொல்லணும்" என்றார். பெரியவள் என்னைப் பார்த்தாள். சின்னவள் தட்டைப் பார்த்தாள்.

இப்போது இருக்கிற டீசல் கார் ஒரு லொடலொட. தெருமுனை மருந்துக்கடையில் திரும்பும்போதே கடகடவென்று கேட்கும். எதிர் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது. எங்களுக்கோ அந்தச் சத்தம் வந்ததும்தான் வேலையே தொடங்கும். பெரியவள் டிவியை அணைத்துவிட்டு வாசல் செருப்புகளை வரிசையாக அடுக்குவாள். சின்னவள் தரையில் கிடக்கும் கலர் பென்சில்களை டப்பாவுக்குள் அள்ளுவாள். நான் அடுப்பைக் குறைத்து, முகத்தைத் துடைத்து, அழுத மாதிரியும் இல்லாமல் சிரித்த மாதிரியும் இல்லாமல் வைத்துக்கொள்வேன். இவர் கேட்டைத் திறக்கும்போது வீடு இவருக்குப் பிடித்த வீடாகிவிட்டிருக்கும்.

ஒரு பென்சில் காலில் மிதிபட்டால் போதும், அன்றைக்கு எனக்கு விழும். பிள்ளைகளை இதுவரை தொட்டதில்லை. என்னைத்தான் அடிப்பார். இதை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. இந்த டைரி பரிசோதனை மெஷினுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை விட்டு வீட்டுக்கு வருவதே இல்லை.

எலெக்ட்ரிக் கார் சத்தமே போடாதாம். அதுதான் அதன் பெருமையாம்.

ஜனவரி 8

நேற்று காய்ச்சல் என்று பாதியில் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். இடது காது எனக்கு ஏற்கெனவே மந்தம். நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்துத் தூங்கிவிட்டேன். அவர் சீக்கிரம் வந்தது தெரியவில்லை. வாளித் தண்ணீர் முகத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

ஜனவரி 12

கருத்துக் கேட்பு நடந்து முடிந்தது.

நான் நன்றாகத்தான் தயாரித்து வைத்திருந்தேன். இங்கே வரும் நோயாளிகள் ஆளாளுக்குப் பேசியதையெல்லாம் சேர்த்துவைத்தேன். தூரமாகப் போனால் நடுவழியில் நின்றுவிடுமாம், பேட்டரி போனால் காரே போன மாதிரியாம், மழைத் தண்ணீரில் பயமாம், பழைய வண்டியைப் போல எந்த மெக்கானிக்கும் தொடமாட்டானாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துச் சிரித்தபடி கேட்டார். அந்தச் சாய்வைப் பார்த்ததுமே நான் வாயை மூடியிருக்க வேண்டும். என் வாய்தான் எனக்கு எதிரி.

"உனக்கு எப்பலேர்ந்து கார் மேல இவ்ளோ அக்கறை? யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் இல்லை என்றேன். எழுந்து என் பின்னால் வந்தார். கொண்டையைப் பிடித்து முகத்தை மேஜையில் ஓர் அடி. உப்பு டப்பா நெற்றிக்கு அடியில் நொறுங்கியது. அடி வலித்ததைவிட உப்பு கண்ணில் எரிந்தது அதிகம். தலையைத் தூக்கவிடாமல் அப்படியே அழுத்திக்கொண்டு, பெரியவளிடம் ரொம்பச் சாந்தமாகக் கேட்டார்: "இப்ப நீ சொல்லும்மா, உன் கருத்து என்ன?"

உங்க இஷ்டம்ப்பா என்றாள். சின்னவளும் அதையே சொன்னாள். மேஜையில் ஒட்டியிருந்த காதில் எனக்கு இரண்டு குரலும் மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

இன்றைக்கு கிளினிக்கில் நெற்றி பற்றிக் கேட்டவர்களிடம் கதவு இடித்துவிட்டது என்றேன். பாவம் அந்தக் கதவு, என் விஷயத்தில் எத்தனை பழியைத்தான் சுமக்கும்.

ஜனவரி 13

பாத்திரம் கழுவும்போது பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். வலது பக்கம்தான் வந்து நிற்பாள், எனக்கு எந்தக் காது வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"நீ வேணாம்னு சொல்றதாலதாம்மா அவன் வேணும்ங்கறான்."

அப்பாவை அவன் இவன் என்று பேசாதே என்று அதட்டினேன்.

"அடிக்கும்போது அவர்னு வரமாட்டேங்குது" என்றாள். ஒன்பதாவது படிக்கிறாள்.

ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கல்யாணமான புதிதிலேயே நான் கண்டுபிடித்த வித்தைதான் இது. எனக்கு நீலத் திரைச்சீலை வேண்டுமானால் காவி நிறம் அழகாக இருக்கிறது என்பேன், நீலம் வந்துவிடும். சின்னவளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் இப்படித்தான். அந்தப் பள்ளிக்கூடம் வேண்டவே வேண்டாம் என்று ஒரு வாரம் முனகினேன். காருக்கு மட்டும் எப்படி மறந்தேன்? பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூட்டிப்போகிறார். அங்கே வைத்துத் தூக்கிக் கொண்டாடிவிட வேண்டும்.

ஜனவரி 19

ஓட்டிப் பார்த்தாயிற்று. ஷோரூம் பையன் கதவைத் திறந்துவிட்டான். நான் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். ஆஹா என்றேன், ஓஹோ என்றேன். சீட் மெத்தை மாதிரி இருக்கிறது என்றேன். போனவாரம் ஏதோ தெரியாமல் பேசிவிட்டேன், இதைத்தான் வாங்க வேண்டும், வாங்கியே தீர வேண்டும் என்றேன். பின்சீட்டில் பெரியவளும் ஜால்ரா தட்டினாள். எந்த நிமிடமும் "உனக்கு என்னடி தெரியும்" என்று வரும் எனக் காத்திருந்தேன்.

வரவில்லை. சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினார். முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. "முதல் தடவையா உருப்படியா ஒண்ணு பேசியிருக்க. சரி, நீ ஆசைப்பட்டதா இருக்கட்டும்." என் கையை எடுத்து அழுத்தினார். அங்கேயே முன்பணம் கட்டினார்.

இத்தனை வருடத்தில் என் பேச்சை அவர் காதுகொடுத்துக் கேட்டது நேற்று ஒரு நாள்தான்.

ஜனவரி 20

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பெரியவள் என்னிடம் பேசவில்லை. யோசனை அவளுடையது, அதனால்.

பிப்ரவரி 10

வந்துவிட்டது. வெள்ளை. பழைய டீசல் காரை ஒருவன் வந்து ஓட்டிப்போனான். மருந்துக்கடை திரும்பும்வரை அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். சின்னவள் பழக்கதோஷத்தில் உள்ளே ஓடிப் பென்சில்களை அள்ளினாள். பிறகு அசடு வழியத் திரும்பி வந்தாள்.

எதிர் வீட்டுக்காரர் வந்து இவருக்குக் கைகொடுத்தார். ரிட்டயர் ஆன மனிதர், பகலெல்லாம் ஜன்னலில்தான் இருப்பார். "இனிமே உங்க வீட்லேர்ந்து சத்தமே வராது, நிம்மதி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்படியானால் இத்தனை நாள் எந்தச் சத்தத்தைப் பற்றிப் புலம்பினார்? தெரிந்திருக்கிறது. எல்லாம் கேட்டிருக்கிறது. காது நல்ல காதுதான், ஆள்தான் சரியில்லை.

சார்ஜ் போடுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். கராஜ் சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறது. பாம்பு மாதிரி கனமான கறுப்பு ஒயர். வந்து நிறுத்தியதும் நான் போய் மாட்ட வேண்டும், பச்சை விளக்கு எரிகிறதா பார்க்க வேண்டும். அதற்காக என் போனிலும் காரோடு வந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று காட்டும்.

பிப்ரவரி 12

எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் சமையலறை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக? கேட்கவா முடியும்? பயத்தில் கரண்டி கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் குழம்பு. என்னைப் பார்த்தா பேயைப் பார்த்த மாதிரி பயப்படுற என்று கேட்டார். பயப்பட்டதற்கு இரண்டு. சிந்தியதற்குத் தனியாக.

பிப்ரவரி 17

சார்ஜ் போட்டேன், பிளக்கைச் சரியாக அழுத்தவில்லை. காலையில் பாதிகூட ஏறவில்லை. ஆபீசுக்குத் தாமதம். போகிற அவசரத்திலும் கார் கதவில் என் விரல்களை வைத்துச் சாத்த அவருக்கு நேரம் இருந்தது. மெதுவாகத்தான் சாத்தினார். புதுக் கார் அல்லவா, கதவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

பட்டனை இடது கையால் பிடித்து நோயாளிக்குக் கொடுத்தேன். எழுதுவதும் கோணல்மாணல்.

பிப்ரவரி 19

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்!

சார்ஜ் பார்க்க ஆப்பைத் திறந்தபோது சின்னவள் எட்டிப் பார்த்து ஏதோ ஒன்றை அழுத்தினாள். ஊர் வரைபடம் விரிந்தது. அதில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நகர்ந்தது. பாலத்தில் ஏறி, இறங்கி, மார்க்கெட் பக்கம் திரும்பியது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மருந்துக்கடை வந்தது. பெரியவள் டிவியை அணைத்தாள்.

வாசலில் அவர் வந்து நின்றபோது வீடு அவருக்குப் பிடித்த வீடாக இருந்தது.

இதைப் போட்டுக் கொடுத்தது அவரேதான். நினைத்து நினைத்துச் சிரிப்பாக வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

மார்ச் 3

டீசல் கார் காலத்தில்கூட இப்படி ஒரு சுகம் இருந்ததில்லை. அப்போது மருந்துக்கடையிலிருந்துதான் தெரியும். இப்போது ஆபீசிலிருந்து கிளம்பும்போதே தெரிகிறது. போன வாரம் முழுக்க ஓர் அடிகூட விழவில்லை. பிள்ளைகள் சாயங்காலம் டிவி பார்க்கிறார்கள், தரையெல்லாம் காகிதம் பரப்புகிறார்கள். பெரியவள் அப்பா பேசுவதுபோலவே பேசிக் காட்டுகிறாள். குரல்கூட அப்படியே வருகிறது. சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறாள். வேண்டாம்டி என்றேன். புள்ளி ஆபீஸ்லதானே இருக்கு என்றாள்.

எலெக்ட்ரிக் கார் நல்ல காரென்று ஷோரூமில் நான் சொன்னது பொய்யில்லை போலிருக்கிறது.

மார்ச் 12

எழுதியே ஆகணும்.

முந்தாநாள் சாயங்காலம். புள்ளி ஆபீஸ்ல இருந்துச்சு. ரெண்டு தடவை பார்த்தேன், ஆபீஸ்லதான். பெரியவ அவன் பழைய பையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வயித்தைத் தள்ளிக்கிட்டு, விரலை நீட்டி, "ஆளுக்கொரு கருத்து சொல்லணும்"னா. சின்னவ தரையில உருண்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். சத்தம் போட்டுச் சிரிச்சேன். எத்தனை வருஷமாச்சு.

வாசலில் யாரோ கைதட்டினார்கள்.

நின்றிருந்தான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். "நல்லா பண்றியே. இன்னொரு தடவை பண்ணு." அவள் பையைக் கீழே போட்டாள். "எடு. பண்ணு." எடுத்தாள். விரலை நீட்டி அதே வார்த்தையைச் சொன்னாள். குரல் வரவில்லை. "அந்த விரலை இன்னும் நல்லா நீட்டு" என்று பக்கத்தில் வந்து, அந்தக் கையைப் பிடித்து, முறுக்கினான். ஈரத்துணி பிழிகிற மாதிரி.

எலும்பு உடைந்த சத்தம் என் கெட்ட காதிலும் கேட்டது.

நான் பாய்ந்து அவன் தோளில் கடித்தேன். விடவில்லை, வாயெல்லாம் ரத்தம் வருகிறவரைக்கும் கடித்தேன். சுவரில் மோதினான், விழுந்தேன், வயிற்றில் மிதித்தான். இடது பக்கம் காதோடு சேர்த்து ஓர் அறை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, பஞ்சு அடைத்த மாதிரி. பெரியவள் கத்துவது ஒரு பக்கமாக மட்டும் கேட்டது.

சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? பென்சில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அமர்க்களத்துக்கு நடுவில், எங்கள் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து, ஒவ்வொரு பென்சிலாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அதை முடித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு அவனே ஓட்டி வந்தான். நாங்கள் பேசவில்லை. காரும் பேசவில்லை.

அப்புறம்தான் ஆப்பைப் பார்த்தேன். வரைபடத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. "இடம் கடைசியாகத் தெரிந்தது: மதியம்." சிக்னல் கிடைக்கவில்லையாம். அந்த வரி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஒரு புள்ளியை நம்பினேன்.

அவன் என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு அவர் என்று மாற்றப் பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 13

காது டாக்டரம்மா இன்று என்னை நோயாளி நாற்காலியில் உட்காரச் சொன்னார். நேற்று ஒரு நோயாளி இடது பக்கம் நின்று நாலு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லையாம், பார்த்திருக்கிறார். குளிக்கும்போது பட்ஸ் குத்திவிட்டது என்றேன். குழாயை வைத்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கே காது குத்துறியா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஜவ்வு கிழிந்திருப்பது அறைந்ததால், பழைய தழும்பும் இருக்கிறது, முதல் தடவை இல்லை என்றார். பெரியவளின் கை பற்றிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன், மாடிப்படியில் விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருப்பதையும் சொன்னேன்.

பிறகு அவரே என்னைக் கண்ணாடி வைத்த அந்தப் பெட்டிக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெஷினை இயக்கினார். கையில் பட்டன். இத்தனை வருடம் நான் சொன்னதை எனக்குச் சொன்னார்: லேசாகக் கேட்டாலும் அழுத்து. காத்திருந்தேன். வலதில் கேட்டது, அழுத்தினேன். இடதுக்கு மாற்றியது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் விரல் அழுத்துகிறது, அழுத்துகிறது, என் விரலுக்கு வேலையில்லை. காகிதத்தில் வலதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. கீழே இறங்க இறங்கக் காது மோசம் என்று அர்த்தம். என் நீலக் குறியெல்லாம் தாளின் அடியில் கிடந்தது. வேறு யாருடைய தாளாக இருந்தாலும் "ஐயோ பாவம்" என்று சொல்லியிருப்பேன்.

மார்ச் 16

நேற்று அவர் கேக் வாங்கி வந்தார். பெரியவளின் மாவுக்கட்டில் பேனாவால் ஒரு சிரித்த முகம் வரைந்து, அடியில் "அன்புடன் அப்பா" என்று கையெழுத்துப் போட்டார். அவள் கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இனிமேல் நடக்காது என்றார். கண் கலங்கியிருந்தது. தோளில் நான் கடித்த இடத்தில் கட்டு.

போவதா, இருப்பதா? போய் எங்கே இருப்பது? அண்ணனுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் அனுசரித்துப் போ என்கிறார். எத்தனை வருடம் அனுசரித்தேன் என்று அண்ணனுக்குத் தெரியும். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு என்றும் சொன்னார். எனக்கு வாங்க மட்டும்தான் காது இருக்கிறது, விடுவதற்கு இல்லை.

காலையில் பார்த்தால் மாவுக்கட்டில் கையெழுத்து இருந்த இடம் முழுவதும் கறுப்பு. ஒரு கையால் உட்கார்ந்து மை பூசியிருக்கிறாள். "மறுபடியும் அவர்னு சொல்ல ஆரம்பிச்சுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 20

டாக்டரம்மாவின் அக்காவும் காது டாக்டர்தான், வேறு ஊரில். அங்கே என் வேலைக்கு ஆள் வேண்டுமாம், மாடியில் ஓர் அறை காலியாம். எல்லாம் பேசிவிட்டார். நான் சரி என்பதுதான் பாக்கி.

சரி என்றேன்.

பயம் ஒன்றே ஒன்றுதான். துரத்திக்கொண்டு வருவான். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பான். அந்தக் கார் ஓடுகிறவரை எங்களுக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது. வேலை நேரத்தில் கிளம்பலாமா? மூன்று நாளாகப் பள்ளிக்கூட வாசலிலும் கிளினிக் வாசலிலும் திடீர் திடீரென்று வந்து நிற்கிறான். வீட்டில் தூங்கும்போது மட்டும்தான் எங்கே இருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்.

ஆனால் எழுந்துவிட்டால்?

பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் இதையே யோசித்தேன். இறங்கும்போதுதான் உறைத்தது. என் வேலைதானே அது.

இந்த டைரியை முதல் தடவையாகப் பைக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 22

மாடி அறையில் இருக்கிறோம். இரண்டு பேரும் தூங்குகிறார்கள். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் வெளியூர் டீலர் ஒருவரைப் பார்க்கப் போய் மத்தியானம் திரும்பினான். "எட்டு பர்சண்ட்தான் இருக்கு, போய் மாட்டு" என்று சாவியை மேஜையில் எறிந்தான். கராஜுக்குப் போனேன். பிளக்கைக் கையில் எடுத்தேன். காரின் வாய் திறந்திருந்தது. கை தானாகவே அதற்குள் போகப் பார்த்தது, பழக்கம் அப்படி. இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். போட்டாச்சா என்றான். ம் என்றேன். நின்று சாப்பாடு பரிமாறினேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

குறட்டை வந்தது. பிள்ளைகள் பள்ளிப்பையோடு பின்வாசலில் நின்றார்கள். கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்தேன். டாக்டரம்மா ஏற்பாடு செய்த டாக்ஸி மருந்துக்கடை அருகில் வந்தது. பழைய டீசல் வண்டி. அதே கடகட சத்தம். சின்னவள் என் கையை உதறிவிட்டு வீட்டுக்குள் ஓடத் திரும்பினாள். பெரியவள் நல்ல கையால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் அந்த மனிதர் நின்றிருந்தார். பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார். எங்களுக்காக அவர் செய்த ஒரே உதவி அது.

ஊர் எல்லை தாண்டிய பிறகும் ஆப்பைத் திறந்தே வைத்திருந்தேன். புள்ளி வீட்டில் இருந்தது. இந்தத் தடவை பொடி எழுத்தையும் படித்தேன்: இப்போது. திடீரென்று "கதவு திறந்தது" என்று வந்தது. புள்ளி நகர்ந்தது. மருந்துக்கடை. மார்க்கெட். பஸ் நிலையத்துக்குப் போனது, நின்றது, சுற்றியது. பிறகு பாலத்தில் ஏறி எங்கள் சாலைக்கே திரும்பியது. யாரிடம் விசாரித்தானோ, குத்துமதிப்பாக வந்தானோ. சார்ஜ் ஐந்து சதவீதம். பெரியவள் என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு. டிரைவர் இன்னும் வேகமாகப் போக முடியாதா என்று கேட்டேன், வண்டி பழசும்மா என்றார். மூன்று. புள்ளி எங்களைவிட வேகமாக வந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். இரண்டு. சுங்கச்சாவடியைத் தாண்டியது. ஒன்று.

புள்ளி நின்றது.

சிக்னல் போய்விட்டதோ என்று பொடி எழுத்தைப் பார்த்தேன். இப்போது என்றுதான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். நகரவில்லை.

போன் அடித்தது. எடுக்காதே என்றாள் பெரியவள். எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிப்பது கேட்டது.

"சார்ஜ் போடலியா நீ?"

"போடல."

"மறந்துட்டியா?" என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

"மறக்கல" என்றேன்.

அவன் கத்த ஆரம்பித்ததும் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். நிசப்தம். கொஞ்ச தூரம் அப்படியே வைத்திருந்துவிட்டு அணைத்து, சிம்மைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்தேன்.

ஏப்ரல் 9

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, டாக்டரம்மாவின் சான்றிதழோடு. பெரியவள் தானே வாக்குமூலம் சொன்னாள். எழுதுகிறவர் "அப்பா என்ன செய்தார்" என்று கேட்க, "அவன்" என்று ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.

மே 14

புதுக் கிளினிக்கிலும் அதே பெட்டி, அதே பட்டன். இப்போது டைரியை வீட்டில்தான் வைத்திருக்கிறேன், அலமாரி மேல், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. காதுக்கு ஆபரேஷன் செய்தால் பாதி திரும்பும் என்கிறார் இங்கே இருக்கும் அக்கா டாக்டரம்மா. பார்க்கலாம். பெரியவளின் கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு கொஞ்சம் கோணல்தான்.

சாயங்காலம் மூன்று பேரும் அறையில் இருந்தோம். தெருவில் டீசல் கார் ஒன்று கடகடவென்று வந்து சரியாக எங்கள் வீட்டுக்குக் கீழே நின்றது. எழுந்து நின்றுவிட்டேன். அடுப்புப் பக்கம் போனேனா, வாசல் பக்கம் போனேனா, தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெரியவள் புத்தகத்தைத் தாழ்த்தி ஜன்னலைப் பார்த்தாள். கீழே யாரோ கதவைச் சாத்தி, யாருக்கோ குட்நைட் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சின்னவள் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். அறை முழுக்கப் பென்சில். தலையைக்கூடத் தூக்கவில்லை. என் காலைத் தட்டினாள்.

"அம்மா, தள்ளும்மா. பச்சை மேல நிக்கிற."